‘உனக்குத் தெரியாததா?’ – அதிக அறிவுள்ளவர்களின் வெளியே தெரியாத மனக்கஷ்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன வயதிலேயே புத்திசாலி என்று பேர் வாங்கியவர்களிடம் யாரும் ‘மனசு எப்படி இருக்கு?’ என்று கேட்பதில்லை. கணக்கில் சந்தேகம், கணினியில் கோளாறு, குடும்பத்தில் சிக்கல் என்றால் எல்லோரும் அவர்களிடம் வருவார்கள். அவர்களுக்கே ஒன்று என்றால் வரும் பதில், ‘உனக்குத் தெரியாததா? நீ பார்த்துக்குவே’. நானும் அந்தப் பேரோடுதான் வளர்ந்தேன். அப்படி வளர்ந்த பலரோடும், அவர்களின் பெற்றோர், வாழ்க்கைத் துணை, நண்பர்கள் என்று சிலரோடும் பேசியிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இவை. நான் மருத்துவர் இல்லை, அதனால் சிகிச்சை பற்றிய முடிவை இதை வைத்து எடுக்க வேண்டாம்.

அறிவு அதிகமாக இருந்தால் மனநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. மேதைக்கும் பைத்தியத்துக்கும் நடுவே ஒரு நூல்தான் இடைவெளி என்ற பேச்சு பலரைத் தேவையில்லாமல் பயமுறுத்தியிருக்கிறது. இன்னும் சிலரை, ‘இந்த வேதனை என் அறிவுக்கு நான் கொடுக்கிற விலை’ என்று சொல்லிக்கொண்டு உதவி தேடாமலே இருக்கவும் வைத்திருக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்தானது.

1921இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லூயிஸ் டெர்மன், ஐக்யூ (அறிவுத்திறன் சோதனையில் வரும் எண்) மிக அதிகமாக இருந்த 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் முதியவர்களாகும் வரை தொடரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். அறிவாளிப் பிள்ளை என்றால் நோஞ்சான், பழகத் தெரியாதவன் என்று அப்போது எல்லோரும் நினைத்திருந்தார்கள். சராசரியில் அது பொய்யானது. பிறகு 2018இல், ஐக்யூ அதிகமுள்ளவர்களுக்கான மென்சா சங்கத்தின் அமெரிக்க உறுப்பினர்கள் 3,715 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட அவர்களிடம் அதிகம் என்று வந்தது. அதுதான் செய்திகளில் பெரிதாகப் பரவியது. ஆனால் மென்சா என்பது விரும்பிப் போய்ச் சேர்கிற சங்கம், தன்னைப் போன்ற ஆட்களைத் தேடி அலைகிறவர்கள்தான் பெரும்பாலும் அங்கே போவார்கள், அவர்களை வைத்து எல்லா அறிவாளிகளையும் அளக்க முடியாது. 2022இல் வெளியான இன்னொரு ஆய்வு, பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பிலிருந்து இரண்டரை லட்சம் பேருக்கும் மேலானவர்களை எடுத்துப் பார்த்தது. அறிவு மிகுந்தவர்களுக்கு மனநலப் பிரச்சினை கூடுதலாக இல்லை, பதற்றம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

அப்புறம் எதற்கு இவ்வளவு பேச்சு? சிரமமே இல்லை என்றுதானே ஆகிறது?

சராசரி என்பது ஒரு ஆளின் கதையைச் சொல்லாது. கஷ்டம் எல்லோருக்கும் வருகிற மாதிரிதான் இவர்களுக்கும் வருகிறது. ஆனால் வருகிற கஷ்டத்துக்கு இவர்களிடம் ஒரு தனி வடிவம் உண்டு, அது வெளியே தெரியாமல் போவதற்கான வழிகளும் அதிகம். மனச்சோர்வில் இருந்தாலும் மதிப்பெண் குறையாது, வேலை நின்றுபோகாது, பேச்சு கோர்வையாகவே இருக்கும். பார்க்கிறவருக்கு அவர் நன்றாக இருக்கிறார். அவருக்கும் தான் நன்றாக இல்லை என்பது தெரிய நாளாகும், ஏனென்றால் எதையும் விளக்கிவிடுகிற அந்த மூளை தன் வேதனையையும் அழகாக விளக்கி ஒதுக்கி வைத்துவிடுகிறது.

யாரை ‘அதிக அறிவுள்ளவர்’ என்று சொல்கிறீர்கள்?

ஐக்யூ அளவில் சராசரி 100, பெரும்பாலான தேர்வுகளில் 130க்கு மேல் வருகிறவர்கள் நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேர். மென்சா வைத்திருக்கும் வரம்பும் அந்த இரண்டு சதவீதம்தான். ஆனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். டெர்மனின் சோதனையில் தேறாமல் போன இரண்டு பிள்ளைகள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரேஸும், பின்னால் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள். கீழே எழுதியிருப்பதைப் படித்து ‘இது நான்தான்’ என்று தோன்றினால் உங்களுக்காகவும்தான் எழுதியிருக்கிறேன், தேர்வு எழுதியிருக்க வேண்டியதில்லை.

எனக்கு என்ன பிரச்சினை, எங்கிருந்து வந்தது, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் மாற முடியவில்லையே, ஏன்?

என்னிடம் அதிகமாக வந்த கேள்வி இது. என் சொந்தக் கேள்வியும் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதிக்கு அவருடைய அப்பாவே பாடம் சொல்லிக் கொடுத்தார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். மற்றப் பிள்ளைகளோடு பெரிதாகப் பழக விடவில்லை. 1826இல், இருபது வயதில், அவர் தன்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: சமுதாயத்தில் நான் விரும்புகிற மாற்றங்கள் எல்லாம் இந்த நிமிடமே நடந்துவிட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமா? உள்ளேயிருந்து வந்த பதில், இருக்காது. அவ்வளவுதான், வாழ்க்கையைத் தாங்கியிருந்த அடித்தளம் சரிந்தது. மாதக்கணக்கில் அந்த இருட்டு நீடித்தது. அந்த நாட்களிலும் அவர் தன் வழக்கமான வேலைகளை எந்திரம் மாதிரி செய்துகொண்டே இருந்தார். அப்பாவிடம் போய்ச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, இதைப் புரிந்துகொள்ளக்கூடிய கடைசி ஆள் அப்பாதான் என்று நினைத்தார்.

எதையும் பகுத்துப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் உணர்ச்சியை அரித்துத் தின்றுவிடும் என்று மில் பின்னால் எழுதினார். அவருக்கு முதல் வெளிச்சம் எப்படி வந்தது என்று பாருங்கள். வேறொருவரின் நினைவுக் குறிப்பில், தந்தையை இழந்த ஒரு சிறுவன் ‘இனி உங்களுக்கு எல்லாமாக நான் இருப்பேன்’ என்று தன் குடும்பத்துக்காக உறுதி எடுக்கிற இடத்தைப் படித்தபோது அவர் அழுதார். எனக்கு இன்னும் உணர்ச்சி மிச்சம் இருக்கிறது என்று அந்த அழுகையில்தான் தெரிந்துகொண்டார். எந்த வாதமும் அவரை மீட்கவில்லை.

இதை நம் நாட்களுக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும். ‘என் அம்மா என்னைப் பாராட்டியதே இல்லை, அதனால் எனக்கு மற்றவர்களின் அங்கீகாரம் தேவைப்படுகிறது’ என்று ஒருவர் நிதானமாக, மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்வார். சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்கிறபோது நெஞ்சில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் வராது, திரும்பவும் ஒரு விளக்கம் வரும். உணர்ச்சியைப் பற்றி யோசிப்பதும் உணர்ச்சியோடு இருப்பதும் இரண்டு வேறு வேலைகள். முதல் வேலையில் நாம் கெட்டிக்காரர்களாக இருப்பதால் இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? எனக்கு உதவியது மிகச் சின்ன விஷயம். ‘ஏன்’ என்று கேட்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி ‘எங்கே’ என்று கேட்க ஆரம்பித்தேன். தொண்டையில் இருக்கிறதா, நெஞ்சில் இருக்கிறதா, தோள் இறுகியிருக்கிறதா? காரணம் தேடாமல் ஐந்து நிமிடம் அதோடு உட்கார்ந்திருப்பது. முதல் சில வாரங்கள் எனக்கு இது வெறும் முட்டாள்தனமாகத்தான் தெரிந்தது. அப்புறம் ஒருநாள், பல வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு இழப்புக்கு, அன்றைக்கு அழாத அழுகை வந்தது.

ராத்திரி படுத்தால் மூளை ஓயவே மாட்டேன் என்கிறது. இது அறிவாளிகளுக்கு மட்டும் வருவதா?

எல்லோருக்கும் வரும். ஆனால் ஒரே ஒரு சொல்லை வைத்துப் பதினைந்து விதமான எதிர்காலம் கட்டத் தெரிந்தவருக்கு, அசைபோட நிறையத் தீனி கிடைக்கிறது. மாலையில் மேலாளர் ‘நாளைக்குப் பேசலாம்’ என்று மட்டும் எழுதியிருப்பார். நள்ளிரவுக்குள் வேலை போய், வீடு மாறி, பிள்ளையின் படிப்பு வரை யோசித்தாகிவிடும். ஒவ்வொரு படியும் தர்க்கப்படி சரியாகவே இருக்கும், அதுதான் இதிலுள்ள சிக்கல், தவறு எங்கே என்று காட்டி நிறுத்த முடியாது.

இதைச் சிந்தனை என்று தவறாக எண்ணுகிறோம். சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர் இந்த மனம் அசைபோடுதலைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். துயரத்தில் இருக்கும்போது அந்தத் துயரத்தையும் அதன் காரணங்களையுமே சுற்றிச் சுற்றி நினைப்பவர்களுக்கு மனச்சோர்வு நீண்டுபோகிறது, பிரச்சினையைத் தீர்க்கும் திறனும் குறைகிறது என்று அவர் காட்டினார். நினைக்காமல் இருக்க முயன்றாலும் நடக்காது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் தன் சோதனையில் ஆட்களை ‘வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்’ என்று கேட்டுக்கொண்டார், அவர்களால் அந்தக் கரடியை விரட்டவே முடியவில்லை.

நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. அரை மணி நேரம் யோசித்த பிறகு, நாளைக் காலையில் நான் செய்யப்போகிற ஒரு காரியமாவது புதிதாகக் கிடைத்ததா? கிடைத்திருந்தால் அது சிந்தனை. கிடைக்கவில்லை என்றால் செக்கு மாடு சுற்றிய கதைதான். எழுந்து விளக்கைப் போட்டு, தாளில் எழுதிவிட்டு, கையால் செய்கிற ஏதாவது ஒரு வேலையில் இறங்குங்கள். தாளில் எழுதினால் அதன் நீளம் மூன்று வரிதான் என்பது தெரியும்.

சின்ன வயதில் எல்லாம் சுலபமாக வந்தது. இப்போது ஒரு சின்னத் தோல்வியைக்கூடத் தாங்க முடியவில்லை. நான் மந்தமாகிவிட்டேனா?

இல்லை. தோற்றுப் பழக உங்களுக்குச் சந்தர்ப்பம் கிடைக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் ஏழு எட்டு வயதிலேயே ‘புரியலை, திரும்பச் சொல்லுங்க’ என்று கேட்கவும், தப்புப் போட்டு அழித்துத் திரும்ப எழுதவும் கற்றுக்கொண்டார்கள். நானெல்லாம் பள்ளி முடியும் வரை அதைக் கற்றுக்கொள்ளவில்லை. கல்லூரி முதல் வருடத்தில் ஒரு கணக்குப் பாடம் தலையில் ஏறவே இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருக்கும், நான் ஆறு மாதம் வகுப்புக்கே போகாமல் ஒளிந்துகொண்டேன். புரியவில்லை என்பதைவிட, ‘புரியவில்லை’ என்று சொல்கிற ஆளாக நான் ஆகிவிடுவேனே என்பதுதான் அப்போதைய பயம்.

1998இல் கிளாடியா மியூலரும் கேரல் ட்வெக்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகள் பிரபலமானவை. ஒரு புதிரை முடித்த பிறகு சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான புதிர் வந்து தோற்றபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் சீக்கிரம் ஆர்வத்தை விட்டார்கள். தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணை மற்றவர்களிடம் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். பின்னர் அதே மாதிரி செய்துபார்த்த எல்லோருக்கும் அதே அளவு விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஒரு பாராட்டில் ஒரு பிள்ளை கெட்டுப்போய்விடாது. ஆனால் பதினைந்து வருடம் அந்த ஒரே பாராட்டை மட்டும் கேட்டு வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு ஆய்வு வேண்டியதில்லை, நான் வளர்ந்தேன். டெர்மனின் அதே பிள்ளைகளைப் பற்றி 1999இல் வந்த ஒரு ஆய்வும் மனதை உறுத்துகிறது. தாங்கள் அந்த மேதைகள் ஆய்வில் இருக்கிறோம் என்பதைச் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டவர்கள், நடுவயதில் ‘என் திறமைக்கு ஏற்றபடி நான் வாழவில்லை’ என்று எண்ணுவது அதிகமாக இருந்ததாம். எண்பது வயதில் அவர்களின் மனநிறைவும் குறைவாக இருந்திருக்கிறது.

வழி ஒன்றுதான் தெரிகிறது. உங்களுக்குச் சுத்தமாக வராத ஒன்றை, யாருக்கும் காட்ட வேண்டிய அவசியம் இல்லாத ஒன்றை, வேண்டுமென்றே கற்றுக்கொள்ளுங்கள். நீச்சல், மரவேலை, புது மொழி, எதுவானாலும் சரி. ஆறு மாதம் மோசமாகவே செய்யுங்கள். மோசமாகச் செய்கிற நாளிலும் நீங்கள் மதிப்புள்ள ஆள்தான் என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும்.

எல்லோரும் என்னைப் பெரிய ஆள் என்கிறார்கள். எனக்கோ என்றைக்காவது குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது.

1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர் இருவர் இதைப் பற்றி எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் சாதித்த 150க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்த அனுபவத்திலிருந்து எழுதியது. அத்தனை சான்று இருந்தும் அவர்கள் தங்களைப் போலி என்றே எண்ணினார்கள், கிடைத்ததெல்லாம் அதிர்ஷ்டம் அல்லது யாரோ செய்த தவறு என்று விளக்கம் சொன்னார்கள். ஆண்களுக்கும் இது வருகிறது.

இதில் நான் கவனித்த ஒன்று: தனக்குத் தெரியாதது எவ்வளவு என்பதை நன்றாகப் பார்க்க முடிகிறவருக்குத்தான் இந்தப் பயம் அதிகம். பாராட்டை வாதாடித் தோற்கடிக்கவும் அவரால் முடியும். ‘நல்லா பண்ணீங்க’ என்றால் உடனே ‘கேள்வி சுலபம்’, ‘குழுதான் செய்தது’. அதனால் வாதத்தால் இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நம்புகிற ஒருவரிடம் இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் ‘எனக்கும்தான்’ என்பார்கள்.

என் பிள்ளை பேசினால் பெரியவர் மாதிரி, அழுதால் மூன்று வயதுக் குழந்தை மாதிரி. ஏன் இப்படி?

உங்கள் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் பல வயது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் படிப்பில் பதின்மூன்று வயது, கையெழுத்தில் ஏழு வயது, விளையாட்டில் தோற்றால் ஐந்து வயது. 1991இல் கொலம்பஸ் குழு என்று அழைக்கப்பட்ட சிலர் கூடி, மிகுந்த அறிவாற்றலுக்கு வரையறை எழுதியபோது இந்தச் சீரற்ற வளர்ச்சியைத்தான் மையமாக வைத்தார்கள். அதற்கும் பல வருடம் முன்பே லெட்டா ஹாலிங்வர்த் என்ற உளவியலாளர், பெரியவரின் அறிவும் குழந்தையின் உணர்ச்சியும் ஒரே சின்ன உடம்பில் இருந்தால் சில சிரமங்கள் வந்தே தீரும் என்று சொல்லியிருக்கிறார்.

மரணத்தைப் பற்றி ஆறு வயதில் கேள்வி கேட்கிற பிள்ளைக்கு, அந்தப் பதிலைத் தாங்குகிற நெஞ்சு ஆறு வயது நெஞ்சுதான். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ‘இவ்வளவு விவரமா பேசுற, இதுக்குப் போய் அழலாமா?’ என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது, அறிவிருந்தால் அழக்கூடாது என்பதை. நாற்பது வயதிலும் அதை மறக்க முடியாதவர்களை எனக்குத் தெரியும்.

வகுப்பைத் தாண்டிப் போடலாமா என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கணிதத் திறமை மிகுந்த பிள்ளைகளைப் பற்றி உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கிய ஆய்வு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. படிப்பில் வேகமாக முன்னே அனுப்பப்பட்டவர்களை 35 வருடம் கழித்துப் பார்த்து, அவர்களின் மனநலத்துக்குக் கெடுதல் வரவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். ஆகவே அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், பிள்ளைக்கு விருப்பமா என்று மட்டும் கேளுங்கள். எளிதான வகுப்பில் வருடக்கணக்காகச் சும்மா உட்கார வைப்பதும் ஒரு கஷ்டம்தான்.

பேச ஆளே இல்லை என்று தோன்றுகிறது. இதைச் சொன்னால் திமிர் என்கிறார்கள்.

திமிர் இல்லை. உங்களுக்குப் பிடித்த விஷயத்தை ஆசையாகச் சொல்ல ஆரம்பித்து, எதிரில் இருப்பவரின் கண் மங்குவதைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்ட அனுபவம் நூறு முறை நடந்தால் யாருக்கும் தனிமை வரும். அப்புறம் ஒரு தந்திரம் பழகிவிடுகிறது: தெரிந்ததைத் தெரியாத மாதிரி காட்டுவது, கையைத் தூக்காமல் இருப்பது, எளிய சொல்லைத் தேடிப் போட்டுப் பேசுவது. பெண் பிள்ளைகள் இதை இன்னும் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறார்கள். கூட்டத்தில் சேர்ந்துவிடலாம், ஆனால் சேர்ந்தது நீங்கள் இல்லை, நீங்கள் காட்டிய ஆள். அந்தத் தனிமை, தனியாக இருப்பதைவிட மோசம்.

ஒரே ஆளிடம் எல்லாம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. இயற்பியல் பேச ஒருவர், சேர்ந்து நடக்க ஒருவர், சும்மா சிரிக்க ஒருவர். இதில் மூன்றாமவரைக் குறைத்து நினைக்க வேண்டாம், அறிவுக்கூர்மை நட்புக்கு ஒரு வழிதான், கருணைக்கு அது தேவையே இல்லை.

மற்றவர்கள் மெதுவாக யோசிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அதற்காகக் குற்றவுணர்வும் வருகிறது.

எரிச்சல் வருவது உங்கள் கையில் இல்லை, முகத்தில் காட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் முடிவு தெரிந்துவிட்டாலும், அவர் சொல்லி முடிக்கட்டும். பாதி நேரம் நாம் ஊகித்த முடிவும் தவறாகவே இருக்கும், இது எனக்கு வேலையிடத்தில் பலமுறை நடந்து கற்ற பாடம். எரிச்சலுக்குக் கீழே பெரும்பாலும் ‘யாராவது என்னோடு சேர்ந்து வேகமாக ஓட மாட்டார்களா’ என்ற ஏக்கம் இருக்கும். அதை ஏக்கமாகவே பார்த்தால் குற்றவுணர்வு குறையும்.

அதிக அறிவுள்ளவர்களுக்கு உணர்ச்சியும் அதிகம் என்பது சரியா?

போலந்து மனநல மருத்துவர் காஸிமியெர்ஸ் டாம்ப்ரோவ்ஸ்கி ஐந்து வகை மிகைத்துடிப்பை, அதாவது எதற்கும் மற்றவர்களைவிடத் தீவிரமாகத் துடிக்கும் இயல்பைப் பற்றிச் சொன்னார்: உடல், புலன், அறிவு, கற்பனை, உணர்ச்சி. பெற்றோர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது, பல பிள்ளைகளுக்குப் பொருந்துவது போலவும் தெரிகிறது. ஆனால் அறிவு இருந்தால் உணர்ச்சியும் கூடவே வரும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உறுதியாக இல்லை. சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிள் உறுத்துகிறது என்று பிள்ளை அழுதால் அந்த லேபிளை வெட்டிவிடுங்கள், கோட்பாடு பிறகு.

படிப்பில் கெட்டிக்காரர், ஆனால் சாதாரண வேலைகளில் தடுமாறுகிறார். சோம்பேறித்தனமா?

சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் ஏடிஎச்டி (கவனத்தை நிலைநிறுத்த முடியாத கோளாறு), ஆட்டிசம், வாசிப்புக் குறைபாடு இவை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அறிவு குறைபாட்டை மூடிவிடும், குறைபாடு அறிவை மூடிவிடும், இரண்டும் சேர்ந்தால் பார்க்க ‘சராசரி, ஆனால் அக்கறையில்லாதவன்’ மாதிரி தெரியும். முப்பது வயதுக்கு மேல் இது கண்டுபிடிக்கப்பட்டவர்கள் முதலில் நிம்மதியும் அடுத்ததாகப் பெரிய துக்கமும் வந்தது என்கிறார்கள். இத்தனை வருடம் தன்னைத்தானே திட்டிக்கொண்டதற்கான துக்கம். அதற்கும் நேரம் கொடுக்க வேண்டும்.

கவுன்சலரிடம் போனேன். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. பிரயோஜனம் இருக்குமா?

இருக்கும், ஆனால் நீங்கள் ஒரு விஷயத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: ‘நான் நன்றாக விளக்குவேன், அதை நம்பிவிடாதீர்கள், விளக்க ஆரம்பித்தால் நிறுத்துங்கள்.’ இப்படிச் சொன்னவுடன் வேலை பாதி சுலபமாகும். அவர் உங்களைவிட அறிவாளியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் தப்பிக்கிற இடத்தைக் கவனிக்கத் தெரிந்தவராக, உங்கள் பேச்சில் மயங்காதவராக இருந்தால் போதும். நான் இரண்டு பேரிடம் போய்விட்டுத்தான் மூன்றாமவரிடம் நின்றேன். முதல் இருவரிடம் நான் பாடம் எடுத்துவிட்டு வந்தேன், அவர்களும் ரசித்துக் கேட்டார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாமவர் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, ‘இதைச் சொல்லும்போது ஏன் சிரிக்கிறீங்க?’ என்றார். அன்றைக்குத்தான் உண்மையில் ஆரம்பித்தது.

வாழ்வதில் அர்த்தமில்லை என்று தர்க்கப்படி நிரூபிக்க முடிகிறது. யாராலும் என்னை மறுக்க முடியவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் நீங்கள் என்றால், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் படியுங்கள். கூர்மையான மூளை மனச்சோர்வில் விழும்போது, அந்தக் கூர்மையை மனச்சோர்வு தனக்காகப் பயன்படுத்திக்கொள்ளும். முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணங்களைப் பின்னால் தேடும், நீங்கள் கெட்டிக்காரர் என்பதால் நல்ல காரணங்களே கிடைக்கும். மறுக்க முடியாதது என்பதால் அது உண்மை ஆகிவிடாது. தூங்காத, சாப்பிடாத, சோர்ந்துபோன மூளை எழுதிய வாதம் அது. அதை யாரும் வாதாடி முறியடிக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இன்றே ஒரு மருத்துவரிடமோ நீங்கள் இருக்கிற இடத்தின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேசுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை இருக்கச் சொல்லுங்கள். விளக்கம் தேவையில்லை, ‘நான் பத்திரமாக இல்லை’ என்ற மூன்று சொல் போதும்.

என் நண்பர் இப்படிப்பட்டவர். நான் என்ன செய்யலாம்?

யோசனை சொல்லாதீர்கள், அவர் அதையெல்லாம் ஏற்கெனவே யோசித்து முடித்திருப்பார். ‘நீயா இப்படி?’ என்றும் கேட்க வேண்டாம். அவர் தன் பிரச்சினையைத் தெளிவாக, அடுக்கடுக்காகச் சொல்லி முடித்ததும் ‘சரி, இதெல்லாம் நடந்தப்போ உனக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் திரும்பவும் காரணம் சொல்ல ஆரம்பிப்பார். சொல்லட்டும். முடித்ததும் அதே கேள்வியை இன்னொரு முறை, மெதுவாக. அந்த இரண்டாவது மௌனம் நீளமாக இருக்கும், அதை நிரப்பிவிடாதீர்கள்.